சாட்சிக் கூண்டேறிய நீதிபதி

1974 பிப்ரவரி 9, சனி

மகள் தாமரைக்கு இருமல் விடவில்லை. பள்ளிக்கு அனுப்பவில்லை, வசந்தாவும் போகவில்லை. டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாமல் லீவு கேட்க அவளுக்குக் கூச்சம். "நீங்க கேட்டா மட்டும் ஒடனே குடுத்திருதாங்களா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

ஸ்டேஷனில் வழக்கமான வேலை. தண்ணீர் லாரிக்காக அடித்துக்கொண்ட இரண்டு பட்டாணியர்கள். இந்தியில் கேட்டு, அரபியில் சொல்லி, ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. சரித்திரம் படித்தவனுக்கு இந்த வளைகுடா ஊர் போலீசில் கிடைத்த உத்தியோகம் இதுதான்.

போலீஸ் தலைவர் பாபிக்கர் சார் சூடான்காரர். கார்ட்டூமில் சட்டம் படித்துவிட்டு நீதிமன்றம் பக்கம் போகாமல் காக்கி மாட்டியவர். தினமும் காலையில் லாக்கப்புக்குப் போய்க் கைதிகளின் சட்டியிலிருந்து ஒரு வாய் சாப்பிடுவார். இன்று பருப்பில் உப்பே இல்லை. சமையல்காரனைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் முழுக்க அவனையே குடிக்க வைத்தார். திட்டவில்லை, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

1974 மார்ச் 17

எழுத வரவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியாது.

காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. ஊருக்கு வடக்கே பாறை முடிகிற இடம். மீன்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். கரையில் ஆட்கள் கிடந்தார்கள். எல்லாரும் நம் ஆட்கள். ஒருவர் இடுப்பில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய வெள்ளைச் சட்டை கட்டியிருந்தது. கரைக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்திருக்கிறார்.

கள்ளத்தோணிதான். நம் மேற்குக் கரையிலிருந்து ஏற்றிவந்த லாஞ்ச். கரை விளக்கு தெரிந்ததும் ஆழத்திலேயே இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

பாபிக்கர் சார் தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு யூனிஃபார்மோடு கடலில் இறங்கினார். கான்ஸ்டபிள்கள் தயங்கி நின்றார்கள். அவர் ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் அவர்களும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

பாறை இடுக்கில் ஒருவன் காலி எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு கிடந்தான். இந்தியில் கேட்டேன், பதில் இல்லை. என்னமோ தோன்றி, "தமிழா?" என்றேன். என் காலைப் பிடித்துக்கொண்டான். விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

1974 மார்ச் 19

அவன் பெயர் வில்பிரட். குளச்சல் பக்கத்து மீனவன். கடலோடு பிறந்தவன், அதனால் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் புஷ்பமேரி அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவள் கஞ்சி கொடுத்த பிறகுதான் வாய் திறந்தான்.

"எங்கள எல்லாரையும் சாடச் சொன்னான் சார்" என்றான். சாடுவது என்றால் அவர்கள் பேச்சில் குதிப்பது, கரைவது என்றால் அழுவது. "நாங்க கொறச்சுபேரு சாடினோம். உடையப்பண்ணன் சாடல்ல. அவரு காரைக்குடிப் பக்கம், கடலே கண்டதில்ல. நீச்சல் தெரியாதுன்னு சொல்லிக் கரஞ்சாரு. தள்ளிவிட்டானுவ. பெறவும் லாஞ்சுக்க ஓரத்தப் புடிச்சிட்டுக் கெடந்தாரு. நகுதா துடுப்ப எடுத்து வெரலுல அடிச்சான். எனக்க கண்ணு முன்னால சார். ரெண்டு கையிலயும் அடிச்சான்."

லாஞ்ச் தலைவனை இங்கே நகுதா என்பார்கள். அவன் முகமும் தெரியும், லாஞ்சின் பெயரும் தெரியும் என்றான் வில்பிரட். பிறகு சட்டென்று, "இதச் சொன்னா என்னப் பிடிச்சு ஜெயில்ல இடுவாவளா?" என்று கேட்டான்.

மொழிபெயர்த்தேன். பாபிக்கர் சார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கோர்ட்டில் இதே வார்த்தையைச் சொல். அதுவரை உன்னை யாரும் இந்த நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. இது என் வாக்கு என்று சொல், சங்கரன்."

சொன்னேன். வாக்கு என்ற சொல்லை இரண்டு முறை சொன்னேன்.

1974 மார்ச் 26

அடக்கம் முடிந்தது. உடையப்பனை வில்பிரட் அடையாளம் காட்டினான். இங்கே எரிக்க வழியில்லை.

அவர் மனைவி சரசுவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார் சார். "கடலில் இறந்துபோனார்" என்று எழுதி, ஆங்கிலத்தில் அவருக்கு வாசித்தேன். "இறந்தார் என்று எழுதாதே. கொல்லப்பட்டார் என்று எழுது. இல்லாவிட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் கடலையே திட்டிக்கொண்டிருப்பாள்" என்றார்.

மாற்றி எழுதினேன்.

1974 மே 14

லாஞ்ச் கிடைத்தது, பெயரை மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் இந்த ஊரிலேயே பெரிய கப்பல் வியாபாரி. பள்ளிக்கூடக் கட்டிடம், மார்க்கெட் கிடங்கு, பாதிக் கடைத்தெரு எல்லாம் அவருடையது. நகுதா எங்கோ மறைந்துவிட்டான்.

வியாபாரியை விசாரிக்க அனுமதி கேட்டுச் சார் மேலிடத்துக்குப் போனார். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். "பொறு என்கிறார்கள்."

1974 ஆகஸ்ட் 3

பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

1974 அக்டோபர் 20

வில்பிரட் ஓர் உள்ளூர் மீன்காரக் கிழவரோடு படகில் போகிறான். இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது. "மீனுக்கு பாஷ வேண்டாம் சார்" என்கிறான். கையில் சார் போட்டுக் கொடுத்த சாட்சிச் சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தால்தான் அவன் இங்கே இருக்கலாம்.

1975 ஜனவரி 11

ஸ்டேஷன் முழுக்க மிட்டாய். பாபிக்கர் சாரை நீதிபதியாக நியமித்திருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் குறைவு, புதுக் கோர்ட்டுகள் வருகின்றன, அவரைப்போல் தகுதியுள்ளவர் யார் என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். "உனக்குச் சந்தோஷமா?"

"பெரிய கௌரவம் சார்."

"ஸ்டேஷனில் இருந்தால் ஆளைத் தேடி நான் போவேன். கோர்ட்டில் இருந்தால் கொண்டுவந்து நிறுத்தினால்தான் பார்ப்பேன். யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்."

மறுத்துவிடலாமே என்றேன். மறுத்தால் சூடானுக்கு டிக்கெட் தருவார்களாம். கடைசிக் கையெழுத்தாக வில்பிரட்டின் சீட்டைப் புதுப்பித்தார். என்னையும் கோர்ட்டுக்கு மொழிபெயர்ப்பாளனாக மாற்றிக் கேட்டிருக்கிறார்.

1975 பிப்ரவரி 2

கோர்ட்டில் முதல் நாள். கருப்பு அங்கி அவருக்குக் குட்டை. உள்ளே வரும்போது இல்லாத தொப்பியைச் சரிசெய்யக் கை போனது. பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் லேசாகச் சிரித்தார்.

1975 ஜூன் 30

இன்று நல்ல நாள். ஒரு காண்ட்ராக்டர் தன் கூலிகளின் பாஸ்போர்ட்டையெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். சாவி தொலைந்துவிட்டது என்றான். "அப்படியானால் பெட்டியைக் கொண்டு வா" என்றார் நீதிபதி. மதியத் தொழுகைக்கு முன் சாவி கிடைத்துவிட்டது! கூலிகள் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். நான் என்ன செய்தேன்?

போலீசாக இருந்தபோது சீக்கிரம் பேசுவார். இப்போது எதற்கும் நேரம் எடுத்துக்கொள்கிறார். பொய் என்று தெரிந்தாலும் கடைசிவரை கேட்கிறார். ஏன் என்று கேட்டேன். "அப்போது நான் தவறு செய்தால் திருத்த ஒரு நீதிபதி இருந்தார்" என்றார்.

1975 டிசம்பர் 9

புதுப் போலீஸ் தலைவர் நல்ல மனிதர். லாஞ்ச் வழக்கைப் பற்றிக் கேட்டால் டீ வரவழைக்கிறார். வில்பிரட்டின் சீட்டுக்கு மட்டும் மறுக்காமல் கையெழுத்துப் போடுகிறார். அந்த மட்டில் சரி.

1976 ஏப்ரல் 5

மறுபடியும்.

தெற்கே, அடுத்த ஊர் எல்லையில். இந்த முறை பெண்களும். ஐயோ, என்ன பாவம் பண்ணிச்சு அந்த ஜனங்க! கடல் காவல் படகு லாஞ்சைத் துரத்திப் பிடித்துவிட்டது. பிடிபட்டவன் அதே நகுதா. வில்பிரட்டைக் கூட்டிப்போய்க் காட்டினோம். "அவன்தான். அவனேதான்."

பிடித்தது வெளிப் படை, இந்த ஊர் போலீஸ் அல்ல, ஆகவே இனி யாரும் பொறு என்று சொல்ல முடியாது. பழைய வழக்கையும் சேர்த்தே போடுகிறார்கள்.

1976 மே 8

வழக்கு பாபிக்கர் சாரின் கோர்ட்டுக்கே வந்திருக்கிறது! நம் ஆட்களின் ரூம்களிலெல்லாம் இதே பேச்சு. கடல்ல இறங்கிப் பொணம் தூக்குனவரு கையிலயே தீர்ப்பு. தெய்வம்னு ஒண்ணு இருக்கு.

1976 மே 10

வழக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் அறைக்குள் கேட்காமல் நுழைந்து கத்தினேன். என் வாழ்க்கையில் எந்த அதிகாரியிடமும் அப்படிப் பேசியதில்லை. "உங்களை விட்டால் வேறு யார் சார் தண்டிப்பார்கள்? அந்தக் கிழவரா?"

இன்னொரு நீதிபதி ஜோர்டான்காரர். வயதானவர். வியாபாரி வீட்டு விருந்துகளில் அவரைப் பார்த்திருக்கிறேன்.

பாபிக்கர் சார் கோபப்படவில்லை. "இந்த வழக்கை விசாரித்தவன் நான். என் மனதில் எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தீர்ப்பு எழுதிவிட்டவன் எப்படி வழக்குக் கேட்பான்?"

"நியாயமான தீர்ப்புதானே சார்!"

"அதை அவர்கள் ஒரே நாளில் உடைத்துவிடுவார்கள். பகையாளியே நீதிபதி என்பார்கள். அது உண்மையும்கூட." பிறகு, "நான் சாட்சி சொல்லப் போகிறேன், சங்கரன்" என்றார்.

நீதிபதி சாட்சிக் கூண்டிலா? இந்த ஊரில் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? அவர் சொல்வது சரி என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்கவில்லை.

1976 ஜூன் 12

சாயங்காலம் வியாபாரியின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பம்பாய்க்காரர், மரியாதையானவர். பெரிய டப்பா நிறையப் பேரீச்சம்பழம். தாமரைக்கு ஒரு பொம்மை. பள்ளியில் வசந்தா டீச்சருக்கு நல்ல பெயர், கட்டிடத்துக்குச் சொந்தக்காரரான எங்கள் முதலாளிகூடச் சொன்னார் என்றார்.

எழுந்து போகும்போதுதான் விஷயம் வந்தது. "அந்த மீனவனின் தமிழ் யாருக்கும் புரியாதாமே, பாய்சாப்? அடித்தான் என்றும் சொல்லலாம், கை வழுக்கியது என்றும் சொல்லலாம். ஒரு வார்த்தைதானே."

அவர் போனபின் வசந்தா டப்பாவைத் திறக்கவேயில்லை. மூடியின்மேல் கையை வைத்தபடி சொன்னாள்: "எனக்கு அந்த வேல பிடிச்சிருக்குங்க. இந்த மணல் காட்டுல எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்ட ஏன் கேக்கீங்க? நான் சொன்னா மாத்திரம் மாத்திச் சொல்லிருவீங்களா?"

மாற்றிச் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

1976 ஜூன் 13

டப்பாவையும் பொம்மையையும் வசந்தாவே பள்ளிக்குப் போகிற வழியில் மேனேஜர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தாமரை அழுது தீர்த்துவிட்டாள். "பட் இட்ஸ் மைன்" என்று.

1976 ஜூன் 22

முழுதும் எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. நகுதா நரைத்த தாடியோடு சாதாரணக் கிழவன் மாதிரி நின்றான். எனக்கு அது என்னவோ போலிருந்தது. வியாபாரி வரவில்லை. அவர் பெயரே வழக்கில் இல்லை.

வில்பிரட்டுக்குச் சத்தியம் செய்ய நர்ஸ் புஷ்பமேரியிடம் பைபிள் வாங்கி வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னான். தன்னைத் தள்ளவில்லை, குதிக்கச் சொன்னார்கள் என்றான், ஒன்றும் கூட்டவில்லை. பிறகு உடையப்பன். "துடுப்ப எடுத்து வெரலுல அடிச்சான்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மேனேஜர் இரண்டாம் வரிசையில் இருந்தார். அடித்தான் — அரபியில் அதற்கு ஒரே சொல். சொன்னேன். கிழ நீதிபதி கையைக் காதருகே வைத்து, மறுபடி சொல் என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன்.

அடுத்து பாபிக்கர் சாரை அழைத்தார்கள். அங்கியில்லாமல், கணுக்கால்வரை தொங்கும் சாதாரண வெள்ளை ஜலாபியாவும் சூடானியத் தலைப்பாகையுமாக வந்தார். தினமும் அவர் உட்காரும் மேடையைத் தாண்டிக் கூண்டில் ஏறினார். அங்கே சாட்சிக்கு நாற்காலி கிடையாது. நின்றார்.

கரையில் பார்த்ததைச் சொன்னார். இறந்தவர்களின் கைகளைத் தானே பார்த்ததாகவும், உடையப்பனின் இரு கை விரல்களும் நசுங்கியிருந்ததாகவும் சொன்னார். அதை அன்றே டாக்டரைக் கொண்டு எழுதி வாங்கியிருக்கிறார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இவ்வளவும் தெரிந்திருந்தும், போலீஸ் தலைவராக இருந்த தாங்கள் ஏன் வழக்குப் போடவில்லை?"

அவரை மடக்கியதாக வக்கீலுக்கு நினைப்பு.

"பொறு என்றார்கள். பொறுத்தேன்" என்றார் பாபிக்கர் சார். "பொறுத்திருக்கக் கூடாது. அதற்குள் இரண்டாவது லாஞ்ச் வந்துவிட்டது. அதில் இறந்தவர்களுக்கு இந்த நகுதா மட்டும் பொறுப்பு இல்லை, நானும் பொறுப்பு. எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்."

பொறு என்று சொன்னது யார் என வக்கீல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அது வக்கீலுக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டார்.

இறங்கி வரும்போது சார் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடலில் இறங்கிய அன்றுகூட அவருக்குப் பிடிமானம் தேவைப்படவில்லை.

1976 ஜூலை 6

தீர்ப்பு. நகுதாவுக்குப் பதினைந்து வருடம். லாஞ்ச் பறிமுதல்.

நாங்கள் யாரை நம்பவில்லையோ அந்த ஜோர்டான் கிழவர்தான் எழுதினார். தண்ணீரில் கிடப்பவனின் பிடியை விடுவிப்பதும் அவனைக் கொல்வதும் ஒன்றே என்று வாசித்தார். கடைசியில் ஒரு வரி: உண்மை சொன்ன சாட்சியை, வந்த வழிக்காகத் தண்டிக்கலாகாது, அவனுக்குத் தங்கும் அனுமதி தரப்பட வேண்டும்.

வில்பிரட்டுக்குத் தமிழில் சொன்னேன். "உடையப்பண்ணனுக்க வீட்டுக்கு ஒரு கடுதாசி போடணும் சார்" என்றான்.

விருந்தில் பார்த்தேன் என்பதற்காக ஒரு மனிதரை எடை போட்டுவிட்டேனே.

1976 ஆகஸ்ட் 29

கட்டிடத்தைப் பழுது பார்க்கப் போகிறார்களாம். பள்ளியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். குறைந்தது வசந்தா ஒருத்திதான்.

அவள் அழவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

1976 செப்டம்பர் 18

வசந்தா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். என்னோடும் பேசினாள். "சாக்பீஸ் வாங்கிட்டு வாங்க. வெள்ளை மட்டும் போதும்."

1977 ஜனவரி 24

அப்பீல் தள்ளுபடி. தீர்ப்பில் ஒரு எழுத்தைக்கூட அசைக்க முடியவில்லை. வழக்கைக் கேட்ட நீதிபதிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அப்பீல் கோர்ட்டே எழுதியிருக்கிறது. பாபிக்கர் சாரிடம் வாசித்துக் காட்டினேன். அன்று நான் கத்தியதை அவர் நினைவுபடுத்தவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

1977 மார்ச் 1

சாரின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. மிட்டாயும் இல்லை.

1977 மார்ச் 30

விமான நிலையத்துக்கு நானும் வில்பிரட்டும் போனோம். பழைய கான்ஸ்டபிள்கள் சிலர் யூனிஃபார்ம் இல்லாமல் வந்திருந்தார்கள். கிழ ஜோர்டான் நீதிபதி தன் காரில்தான் அவரை அழைத்துவந்தார்.

ஊரில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். சிறிய ஊர் ஒன்றில் வக்கீலாக உட்காரப்போவதாகச் சொன்னார். "போலீசாக இருந்தாயிற்று, நீதிபதியாக இருந்தாயிற்று. இனி யாருக்காவது பக்கத்தில் நின்று பேச வேண்டும்."

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வில்பிரட் குனிந்து அவர் காலைத் தொடப் போனான். அவர் பதறி அவனைத் தூக்கினார். "மாஃபி, மாஃபி" என்றார். அதெல்லாம் கூடாது என்று. பிறகு என்னைப் பார்த்து, "இவனிடம் சொல். என் வாக்கை நான் காப்பாற்றவில்லை, இவன்தான் காப்பாற்றினான் என்று சொல்."

சொல்ல முடியவில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதலாக நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான். வரும் வழியில் காரில் சொன்னேன்.

1977 ஜூலை 11

கோர்ட்டில் புது நீதிபதி. சீக்கிரம் முடித்துவிடுகிறார். நாற்காலியைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

1978 நவம்பர் 4

காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கள்ளத்தோணியில் வந்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். தமிழும் மலையாளமும் பேசுகிறார்கள். வழியெல்லாம் எத்தனை பிணமோ என்றே நினைப்பு. ஜீப் டிரைவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பயந்துபோயிருந்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள், தெரியும். அதற்கு என்னால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களில் எத்தனை பேர் கரைக்கு வரவில்லை?" என்று கேட்டேன்.

என் கேள்வி அவர்களுக்கு விளங்கவில்லை. ஒருவர் ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் வந்துட்டோம் சார். ஆழத்துல எறக்கிவிடாதன்னு கெஞ்சுனோம். நகுதா கெட்ட கெட்ட வார்த்தையா திட்டிக்கிட்டே உள்ளுக்குக் கொண்டாந்தான். ஆழத்துல விட்டா இந்த ஊர்ல பதினஞ்சு வருசம்னு சொன்னான். முட்டியளவு தண்ணி. பொடிநடையா நடந்து வந்தோம்."

அவர் வேட்டியைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழேதான் உப்புப் படிந்திருந்தது.

பெயர்களைக் கேட்டு எழுதினேன். நிதானமாக, ஒவ்வொருவர் ஊரும் அப்பா பெயரும் கேட்டு எழுதினேன். எல்லாப் பெயருக்கும் ஆள் இருந்தது.